ஒதுக்கிய கடலையை யார் சாப்பிடுகிறார்கள்?

மலாவிக்குக் கிளம்புகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். அது எங்கே இருக்கிறது, ஊசியெல்லாம் போட்டுக்கொண்டாயா, சம்பளம் எவ்வளவு. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில், பெரிய ஏரி ஒன்றை ஒட்டி நீளமாகக் கிடக்கும் நாடு. மலேரியா மாத்திரை வாங்கியாயிற்று. சம்பளம் கிடையாது, தன்னார்வப் பணி. விமானச் செலவையும் தங்குமிடத்தையும் அழைக்கும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். தலைநகர் லிலோங்வேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலக்கடலை போடும் பெண்கள் குழுக்களோடு இருந்து, செடி பிடுங்குவதிலிருந்து மூட்டை கட்டுவது வரை கடலையில் பூசண நஞ்சு சேராமல் பார்த்துக்கொள்ளும் வழிகளைச் செய்துகாட்ட வேண்டும். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம். தயாரிப்பில் இறங்கிய பிறகு என்னைப் பிடித்துக்கொண்டு விடாத கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டவர், மில்லில் கடலை பொறுக்கும் ஒரு பெரியம்மா.

நான் குப்பம் பக்கம். ஆந்திராவின் இந்த மூலையில் வீட்டில் தமிழ், மண்டல ஆபீசில் தெலுங்கு, பங்காருப்பேட்டை தாண்டினால் கன்னடம். மானாவாரிக் கடலைதான் எங்கள் தலைமுறையைப் படிக்க வைத்தது. இப்போது காடுகள் பாதிக்கு மேல் தக்காளிக்கும் மல்பெரிக்கும் மாறிவிட்டன. கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து இறங்கும் யானைகளுக்குப் பயந்தே கடலையை விட்டவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். நான் கடலையை விடவில்லை. வெளிநாட்டுக்குப் பருப்பு அனுப்பும் ஆலை ஒன்றின் தரப் பரிசோதனை அறையில் பல வருடம் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்துக்காகத்தான் இந்த அழைப்பு வந்தது. அனுப்பிய பாடத்திட்டமும் அந்த அறைக்கு ஏற்ற மாதிரியே இருந்தது: காய வைத்தல், உடைத்தல், பொறுக்குதல், மாதிரி எடுத்தல், சோதித்தல். கடைசி வரியில், ஏற்றுமதி அளவுகோலில் தேறிய மூட்டைகள் எத்தனை என்று எழுதி அனுப்ப வேண்டும் என்று இருந்தது.

கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாதது

கடலை போடுகிறவர்களுக்குப் பூசணத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் பூசணமும் நஞ்சும் ஒன்றல்ல என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்கிற மஞ்சள்பச்சைப் பூசணம் நம் மண்ணில் எப்போதும் இருக்கிறது. காய் முற்றும் கடைசி வாரங்களில் மழை பொய்த்து மண் சூடேறினால், செடி நிற்கும்போதே காய்க்குள் இறங்கும். கறையான் அரித்த காயிலும் களைக்கொத்து பட்ட காயிலும் இன்னும் சுலபமாக இறங்கும். பிடுங்கிப் போட்ட கொடி ஐப்பசி மழையில் நனைந்து போரில் கிடந்தால் அங்கேயும் வளரும். அது உண்டாக்குவதுதான் அஃப்ளாடாக்சின். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பூசணம் உதிர்ந்து காய்ந்துபோன பிறகும் நஞ்சு பருப்பில் இருக்கும். வறுத்தால் ஓரளவு குறையும், தீராது. வேகவைத்தாலும் அப்படியே.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அப்படித்தான் உலகம் இந்த நஞ்சைத் தெரிந்துகொண்டது. 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் பகுதிகளில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்ற ஆதிவாசிக் குடும்பங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004-இல் கென்யாவில் அதே மக்காச்சோளம். 317 பேர் நோயில் விழுந்து 125 பேர் இறந்தார்கள். இவை செய்தியில் வந்த சாவுகள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்கி, பல வருடம் கழித்துக் கல்லீரல் புற்றாக வருவதை யாரும் கடலையோடு சேர்த்துப் பேசுவதில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர் உடம்பில் இதே நஞ்சு சுமார் 30 மடங்கு வீரியத்தோடு வேலை செய்கிறது. பெனின், டோகோ நாடுகளில் சிறு குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், இந்த நஞ்சின் சுவடு அதிகமாக இருந்த பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் பின்தங்கி இருந்தார்கள்.

பரிசோதனை அறையில் நாங்கள் பார்த்த எண்கள் வேறு. ஐரோப்பாவில் நேராகச் சாப்பிடும் கடலைக்கு ஒரு கிலோவில் மொத்த அஃப்ளாடாக்சின் 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மேற்கொண்டு பதப்படுத்தப்போகும் கடலைக்கு, உலக அளவில் உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு 15. இந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவி இருக்காது. கெட்டுப்போன ஒரே பருப்பில், கிலோ கணக்குக்கு மாற்றினால் பத்து லட்சம் மைக்ரோகிராமைத் தாண்டும் அளவுக்குக்கூட இருந்ததாகப் பதிவு உண்டு. அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பில் சுமார் 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். நல்ல கடலை 125 கிலோவோடு அதைக் கலந்தால், அந்த 125 கிலோவும் ஐரோப்பிய வரம்பின் விளிம்புக்கு வந்துவிடும். ஒரு பருப்பு போதும். அதனால்தான் பொறுக்கும் பெண்களின் கண்ணும் விரலும் இந்தத் தொழிலில் எந்த மிஷினுக்கும் குறையாத மதிப்புள்ளவை என்று நான் நம்புகிறேன். அவர்களுக்குக் கிடைக்கும் கூலி அந்த மதிப்புக்குப் பக்கத்தில்கூட இல்லை.

பொறுக்கும் இடத்தில்

மலாவிப் பெண்களுக்குக் காட்ட, நம் பெண்கள் கடலை பொறுக்குவதைப் படம் பிடித்துப் போகலாம் என்று நினைத்தேன். மொழி தெரியாத இடத்தில் கை பேசும். பலமநேர் சாலையில் தெரிந்தவர் மில் ஒன்று இருக்கிறது. கேட்டதும் வரச் சொன்னார். சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்து ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குவியல், இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் முறத்தில் ஒதுக்கல். போனை அவர்கள் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்று சொன்னதில் அவர்களுக்கு நிம்மதி. மூத்தவரான ஒரு பெரியம்மா பேசிக்கொண்டே பொறுக்கினார். பேச்சு எங்கே போனாலும் விரல் தவறவில்லை. சுருங்கினது, கறுத்தது, முளை விட்டது, தோலுரிந்து மங்கினது, உடைந்தது எல்லாம் தனியாகப் போய் முறத்தில் விழுந்தன.

"இத எந்த ஊருக்கும்மா காட்டப் போற?"

"ஆப்பிரிக்காவுல பெரியம்மா. அங்கயும் பொம்பளைங்கதான் கடலை பொறுக்கறாங்க."

"அவங்களுக்குத் தெரியாதா பொறுக்க?"

"தெரியும். எத எடுக்கணும், எத விடக்கூடாதுன்னு இன்னும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்."

"நல்லதெல்லாம் மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"ஆமா பெரியம்மா."

"ஒதுக்கினத யாரு துன்னுவாங்க?"

கேட்டுவிட்டு அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வாயில் சொல் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் எனக்காகப் பதில் சொன்னாள். "வேற யாரு, நம்மள மாதிரிதான்." பெரியம்மா தலையாட்டினார். முறத்தில் இருப்பதைக் கொஞ்சம் குறைந்த விலைக்குத் தாங்களே வாங்கிக்கொண்டு போவதாகவும், களிக்குச் சட்னி அரைக்க அது போதும் என்றும், கொஞ்சம் கசக்கும், கறுக வறுத்துவிட்டால் கசப்பு போய்விடும் என்றும் சொன்னார். பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சட்னி பிடிக்கும் என்பதையும் சொன்னார்.

போனை அணைத்துவிட்டேன். கசப்பு போகும், நஞ்சு போகாது என்பதை அவருக்கு அங்கேயே உட்கார்ந்து விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "அப்போ இத என்னா பண்றது?" என்றார். தூக்கிப் போடுங்கள் என்று சொல்வது சுலபம். கிலோ கடலை விற்கும் விலையைப் பார்க்கிற ஒரு கூலிக்காரப் பெண்ணிடம், பாதிக்கு மேல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும் கடலையைத் தூக்கிப் போடச் சொல்ல நான் யார்? அதை அவருக்கு விற்றவர் இருக்கிறார். விற்றவரிடம் அதைப் பிரிக்கச் சொன்ன எங்களைப் போன்றவர்களும் இருக்கிறோம்.

பரிசோதனை அறையின் பதிவேட்டில் ஒதுக்கலின் எடைக்கு ஒரு கட்டம் இருந்தது. அதற்கு அப்புறம் அது எங்கே போயிற்று என்று எழுதக் கட்டம் கிடையாது. கணக்கு எளிது, ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ கடலையில் கிலோவுக்கு 40 மைக்ரோகிராம் வீதம் நஞ்சு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000 மைக்ரோகிராம். கைதேர்ந்த பெண்கள் பத்தில் ஒன்பது பங்கு நஞ்சைக் கொண்ட 10 கிலோவை ஒதுக்கிவிட்டார்கள் என்று கொள்வோம். மீதி 90 கிலோவில் 400 மைக்ரோகிராம். கிலோவுக்கு நாலரைக்கும் கீழே. இன்னும் கொஞ்சம் பார்த்துப் பொறுக்கினால் ஐரோப்பாவுக்கே போகலாம். ஒதுக்கிய 10 கிலோவில் 3,600, கிலோவுக்கு 360. முன்பு எல்லாருக்கும் பரவலாகப் போயிருக்க வேண்டிய நஞ்சைத் திரட்டி, மலிவான கடலை வாங்குகிறவர் தட்டில் வைத்தாயிற்று. நல்ல மூட்டை தேறியது, அறிக்கையில் வெற்றி. அந்த முறத்தை நான் மலாவிக்கும் எடுத்துக்கொண்டு போகப்போகிறேனா என்பதுதான் அன்றைக்குப் பிறகு என் கேள்வி.

புண்ணாக்கும் பாலும்

நம் பக்கம் ஒதுக்கல் போகும் வழி மூன்று. கொஞ்சம் பெரியம்மா மாதிரி ஆட்களின் அடுப்புக்கு. கொஞ்சம் வறுத்து, பொடித்து, வெல்லம் சேர்த்து மலிவு மிட்டாயாகவும் பாக்கெட் சட்னிப் பொடியாகவும். பெரும்பங்கு எண்ணெய் ஆலைக்கு. இந்த நஞ்சு எண்ணெயோடு அதிகம் ஒட்டாது; ஆட்டும்போது பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். காரம் சேர்த்துச் சுத்திகரித்த எண்ணெயில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. சுத்திகரிக்காத செக்கெண்ணெயில் மிஞ்சலாம். செக்கெண்ணெயை நான் விரும்பிச் சாப்பிடுகிறவள்தான். எந்தக் கடலையை ஆட்டினீர்கள் என்று கேட்டு, கடலையைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள் என்பதைத் தவிர அதற்கு எதிராக எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாடு தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கு, சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு, எம்1 என்ற உருவத்தில் பாலில் இறங்குகிறது. பாலுக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து 2019-இல் அறிக்கை வெளியிட்டது. அதில் 368 மாதிரிகள் இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. அதிகமாகத் தெரிந்த மாநிலங்களில் தமிழ்நாடும் கேரளமும் இருந்தன. அப்போது பாலில் கலப்படம் என்றுதான் ஊரெல்லாம் பேசினோம். இந்த நஞ்சை யாரும் பாலில் கலக்கவில்லை. தொட்டியில் வைத்த தீவனத்திலேயே இருந்தது. கடலைக் காட்டை விட்டவர்கள் எங்கள் பக்கம் மாட்டை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் வாங்கும் புண்ணாக்கு மூட்டையின் மேல் இந்த எண்ணை யாரும் அச்சிட்டுக் கொடுப்பதில்லை.

லிலோங்வேயிலிருந்து

பெரியம்மாவின் கேள்வியை அப்படியே மலாவியில் களப்பணியை ஒருங்கிணைக்கும் பெண்ணிடம் கேட்டேன். வாட்ஸப்பில் நெடுநேரம் பேசினோம். நிறுவனம் அனுப்பிய கோப்புகள் எதிலும் இல்லாததை அந்த ஒரு பேச்சில் தெரிந்துகொண்டேன்.

அங்கே கடலை பெண்களின் பயிர். புகையிலை ஆண்களின் கணக்கு. கடலை விற்ற காசு பெரும்பாலும் பெண் கையில் நிற்கிறது. மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் ஓய்கிறது, அதை ஒட்டி அறுவடை. கடலையை இடித்துப் பொடியாக்கி வைத்துக்கொண்டு கீரையிலும் குழம்பிலும் போடுகிறார்கள். 'ன்சின்ஜிரோ' என்று பெயர். பால்குடி மறந்த பிள்ளைக்குக் கொடுக்கும் கஞ்சியிலும் அதே பொடி. முழுசான, பெரிய, சிவந்த பருப்பு விற்பனைக்கு. இடிக்கப் போவதுதானே என்று உடைந்ததும் சுருங்கினதும் உரலுக்கு. "இங்கே யாரும் கடலையை வீணாக்க மாட்டார்கள்" என்று அவர் சொன்னார், பெருமையோடுதான். நம் ஊர் அம்மாக்களும் அதையே, அதே பெருமையோடு சொல்லியிருப்பார்கள். அதோடு மக்காச்சோளக் களியையே முக்கிய உணவாகச் சாப்பிடும் நாடு அது. மக்காச்சோளத்திலும் இதே பூசணம் வரும். தட்டில் களி ஒரு பக்கம், பொடி போட்ட கீரை ஒரு பக்கம்.

ஆக, என் பாடத்திட்டத்தில் இருந்த பொறுக்கும் பயிற்சியை மட்டும் நன்றாகச் செய்துவிட்டு வந்தால் என்ன நடக்கும்? இதுவரை ஓரளவு கலந்து வெளியே போய்க்கொண்டிருந்தது, இனி மிச்சம் வைக்காமல் குழந்தையின் கஞ்சிக்குப் போகும். என் திறமை கூடக் கூட அந்தக் கஞ்சி கெடும்.

இதை முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் கடுமையாக மறுத்தார். ஏற்றுமதி நின்றுபோனதில் அந்த நாடு பட்ட அடி தெரியுமா, ஐரோப்பாவுக்குக் கடலை அனுப்பிக்கொண்டிருந்த நாடு, இந்த நஞ்சும் ஒரு காரணமாகச் சந்தையை இழந்தது, அந்தச் சந்தையில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தால் அந்தப் பெண்கள் பிள்ளைகளுக்கு முட்டையும் மீனும் வாங்குவார்கள், நீ ஒதுக்கலைப் பற்றிப் பேசிப் பேசி வேலையைக் குழப்பாதே என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காசும் உணவுப் பாதுகாப்புதான். ஆனால் காசு வருவது அறுவடை முடிந்து பல வாரங்கள் கழித்து, அதுவும் விலை நன்றாக இருந்தால். பொடி கஞ்சியில் விழுவது அன்றைக்குச் சாயங்காலமே. இரண்டையும் ஒரே திட்டத்தில் பார்க்க முடியும் என்பதால்தான் வாதாடுகிறேன். பொறுக்காதே என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

தண்ணீர் தெளிக்கும் இடம்

ஒதுக்கலைக் குறைக்க வேண்டுமானால் ஒதுக்கும்படி ஆவதைக் குறைக்க வேண்டும். அந்த வாட்ஸப் பேச்சில் இன்னொன்றும் வந்தது, என் பாடத்திட்டத்தையே தலைகீழாகப் புரட்டியது அதுதான். அங்கே காயைக் கையால்தான் உடைக்கிறார்கள். மூட்டை மூட்டையாகக் கையால் உடைத்தால் விரல் நுனி வெந்துபோகும். அதனால் காயைத் தண்ணீரில் நனைத்து, ஓடு மெத்தென்று ஆன பிறகு உடைக்கிறார்கள். எட்டு சதவீத ஈரத்துக்குக் கீழே கொண்டுவரப் பாடுபட்டுக் காய வைத்த பருப்பு, ஒரு வாளித் தண்ணீரில் பூசணத்துக்கு வேண்டிய ஈரத்தை மறுபடியும் வாங்கிக்கொள்கிறது. அப்படியே மூட்டை கட்டினால் சொல்லவே வேண்டாம்.

கேட்டபோது எனக்கு நம் மில்கள்தான் ஞாபகம் வந்தன. இங்கே மிஷினில் போடுவதற்கு முன்பு காய்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் உண்டு. காரணம் வேறு, பருப்பு இரண்டாகப் பிளக்காமல் முழுசாக வரும், எடையும் கொஞ்சம் நிற்கும். அங்கே விரல் வலிக்காமல் இருக்க, இங்கே பருப்பு உடையாமல் இருக்க. இரண்டு நாட்டிலும் கடலையைக் கெடுக்கும் கடைசித் தண்ணீர் மேகத்திலிருந்து வரவில்லை.

நனைக்காதே என்று படம் போட்டு ஒட்டுவதால் இது நிற்காது. விரல் வலிக்கு மாற்று கொடுத்தால் நிற்கும். அதனால் கையால் முன்னும் பின்னும் தள்ளி உடைக்கும் சிறு கருவியின் அளவுகளைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். கம்பி வலை, இரும்புத் தகடு, மரச்சட்டம் இருந்தால் எந்த ஊர் வெல்டரும் செய்துவிடலாம். கடலை ரகத்துக்கு ஏற்றபடி வலைக்கண்ணின் அளவு மட்டும் மாற வேண்டும். அங்கே பரவலான சிஜி7 என்ற ரகத்தின் பருப்பு நம் ஊர்ப் பருப்பைவிடத் தடித்தது. நம் சல்லடையை அப்படியே கொண்டுபோனால் பாதிப் பருப்பு நொறுங்கும், நொறுங்கினதெல்லாம் மறுபடியும் உரலுக்குப் போகும். அங்கே போய்க் காயைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் வலை வாங்க வேண்டும்.

காய வைப்பதிலும் அப்படித்தான். நாம் செடியைப் பிடுங்கிக் காய் மேலே தெரியப் புரட்டிப் போடுவோம். அங்கே மண்டேலா காக் என்று ஒரு முறை இருக்கிறது: காய் உள்பக்கமும் கொடி வெளிப்பக்கமுமாக வட்டமாக அடுக்கி, நடுவில் காற்றுப் போக இடம் விட்டுக் குவிப்பது. மழைக்கும் வெயிலுக்கும் காய்க்குக் காப்பு. ஈரக்காற்று அடிக்கும் வாரத்தில் உள்ளே எவ்வளவு வேகமாகக் காயும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சந்தேகத்தைப் பேசிக்கொண்டிருக்காமல், ஒரே காட்டுக் கடலையை அந்தக் குவியலிலும் தார்ப்பாயிலும் காய வைத்து, தினமும் அந்தப் பெண்களே ஈரமானியில் பார்த்து எழுதட்டும் என்று திட்டம் போட்டிருக்கிறேன். ஈரமானி இல்லாத நாளுக்குக் காதோரம் குலுக்கிப் பார்க்கும் பழைய வழி இருக்கவே இருக்கிறது. நன்றாகக் காய்ந்த காய் குலுங்கும்.

பெட்டியில் வைத்ததும் வைக்காததும்

பெட்டியில் ஈரமானி இரண்டு இருக்கிறது, ஒன்று கெட்டால் இன்னொன்று. காற்றின் ஈரம் பார்க்கும் சிறு கருவி ஒன்று. பொறுக்கும் கைகளின் படம் போனில் இருக்கிறது, பெரியம்மா அனுமதியோடு. தார்ப்பாய் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நான் கொண்டுபோய்க் கொடுத்தால் அது என் தார்ப்பாயாகவே இருக்கும்.

புற ஊதா விளக்கை எடுத்துப் போ என்று பலர் சொன்னார்கள். இருட்டில் அடித்தால் பச்சைமஞ்சளாக மின்னும், பார்க்கிறவர்களுக்கு உடனே பதியும். மக்காச்சோளத்தில் அது ஓரளவு வழிகாட்டும். கடலையில் நம்ப முடியாது. மின்னாத பருப்பு நல்ல பருப்பு என்று ஒரு தாய் நினைத்துவிட்டால், நான் திரும்பி வந்த பிறகும் அந்த நினைப்பு அங்கேயே இருக்கும். விளக்கை எடுக்கவில்லை.

நஞ்சைச் சோதிக்கும் பட்டைகளை நிறுவனம் தருகிறது. எத்தனை மூட்டைக்கு எத்தனை பட்டை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒரு பங்கை வீட்டுப் பொடிக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டு நீண்ட கடிதம் எழுதினேன். விற்பனைக்குப் போகும் மூட்டையைச் சோதிக்கும் அன்றே, அதே குழுவில் சம்மதிக்கும் வீடுகளிலிருந்து கஞ்சிக்குப் போடும் பொடியையும் சோதிக்க வேண்டும். எண் அதிகமாக வந்தால் முதலில் அந்தத் தாயிடம் சொல்ல வேண்டும், அறிக்கைக்கு அப்புறம் போகட்டும். மூட்டை எண் இறங்கி, பொடி எண் ஏறினால் என் வேலை தோற்றது என்று எழுதிக்கொள்ளவும் தயார் என்று அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் கேட்டேன். ஒதுக்கலை எடை போட்டுக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சும்மா கொடு என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அது அவர்கள் நிலத்தில் விளைந்தது. வாங்கியதை ஆட்டி எண்ணெயைச் சோப்புக்குப் போடலாம். சோப்புக் காய்ச்சும் காரத்தில் இந்த நஞ்சு நிற்காது. புண்ணாக்கை மாட்டுக்கோ கோழிக்கோ போகவிடக் கூடாது. நம் ஊரில் புண்ணாக்கை ஊற வைத்துப் பயிருக்கு ஊற்றுகிற மாதிரி எருவாக்கலாம். ஆனால் கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் போட்டால் பூசணத்தை நாமே மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்ததாகும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. லிலோங்வே பக்கத்திலேயே சிட்டெட்ஸே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வருடக்கணக்காக இந்தக் கடலையோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். எரித்துவிடுங்கள் என்று அவர்கள் சொன்னால் அதற்கும் காசு ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பதில் வந்திருக்கிறது. பொடியைச் சோதிக்க ஒப்புக்கொண்டார்கள். பயிற்சிக் கூடத்தை விட்டுவிட்டு, கடலை உடைக்கும் வீட்டு முற்றத்தில் முதல் கூட்டத்தை வைக்கவும் சம்மதம். பொறுக்கும் பாடம் கடைசிக்குப் போயிற்று. உடைக்கும் கருவியும் காய வைப்பதும் முன்னால் வந்தன. ஒதுக்கலை வாங்கவும் கொள்கை அளவில் சரி என்கிறார்கள். விலைதான் முடிவாகவில்லை. நல்ல பருப்பு விலையில் கால் பங்கு போதும் என்று அவர்கள் பக்கக் கணக்கு சொல்கிறது. நான் பாதி கேட்டு நிற்கிறேன். பலமநேர் மில்லில் பெரியம்மா வாங்கும் ஒதுக்கல் கால் விலையைவிட அதிகம். கால் விலைக்கு எந்தத் தாயும் உரலிலிருந்து கடலையை எடுத்து வந்து கொடுக்க மாட்டாள். விமானம் ஏறுவதற்குள் இது எழுத்தில் வர வேண்டும் என்று நேற்று இரவு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.